ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்

"கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க சார். கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

சொன்னவள் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. மேலே ஏப்ரன், அதன் பையில் பென்சில், டேப், குழந்தைகளிடமிருந்து பிடுங்கிய மிட்டாய்கள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். வருகிற பெற்றோருக்கெல்லாம் அவள் விசில்காரி.

ஆணி, குழாய், பெயிண்ட், பலகை என்று எல்லாம் விற்கும் பெரிய ஹார்டுவேர் கடை அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் அங்கே பிள்ளைகளுக்கு இலவசக் கைவேலை நடக்கும். பெயிண்ட் டப்பா அடுக்குகளுக்கும் மரம் அறுத்துத் தரும் இடத்துக்கும் நடுவே இரண்டு நீள மேசைகளைப் போட்டு, சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருப்பார்கள். டேப்புக்கு உள்ளே பிள்ளைகள், வெளியே பெரியவர்கள். மேசைக்கு மேலே ஓர் அட்டை தொங்கும்: "ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். பெரியவர்கள் கை மேசைக்கு வரக் கூடாது." போன மாதம் ஒரு எஞ்சினியர் அப்பா பெட்டி முழுவதையும் தானே அடித்து முடித்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய் தின்றான். அதற்குப் பிறகு வந்த அட்டை அது.

அவன் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான். திட்டு வாங்குவது அவனுக்கு இப்போதெல்லாம் உறைப்பதில்லை. மனைவி போனதிலிருந்து எதுவுமே உறைப்பதில்லை. ஊசி போட்டு மரத்துப்போன ஈறு மாதிரி. தொட்டுப் பார்த்தால் இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

மற்ற நாட்களைப் பள்ளிக்கூடமும் வேலையும் தின்றுவிடும். சனிக்கிழமைதான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதன் வாயை அடைக்க அவன் கடைகளைக் கண்டுபிடித்திருந்தான். பெயிண்ட் கடையில் கூழாங்கல்லுக்கு வர்ணம் அடிக்க விட்டார்கள். நோட்டுப் புத்தகக் கடையில் காகித முகமூடி செய்ய விட்டார்கள். செடிக் கடையில் சட்டியும் மண்ணும் ஒரு விதையும் கொடுத்தார்கள். வீட்டு அலமாரியில் இப்போது பசை காய்ந்த பொருள்கள்தான். எங்கே போனாலும் யாரோ ஒருவர் மகளிடம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவன் நின்றால் போதும்.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளை வண்டு என்பார்கள். நடக்கும்போது எதிலாவது போய் முட்டுவாள், முட்டாதபோது ரீங்காரம் போடுவாள். நெற்றி முடி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. சமையலறைக் கத்தரிக்கோலால் அவன்தான் வெட்டிவிட்டிருந்தான்.

இன்றைக்குக் குட்டி ஸ்டூல். ஆளுக்கு ஒரு பை. அதில் மேல்பலகை ஒன்று, காலுக்குப் பலகை இரண்டு, நடுவில் கொடுக்கக் குறுக்குக் கட்டை ஒன்று, ஒரு பொட்டலம் ஆணி, ஒரு துண்டு உப்புத்தாள்.

"முதல்ல தேய்க்கணும். ஓரத்தை மட்டும். முகத்தைத் தேய்க்கக் கூடாது, உங்க முகத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்," என்றாள் விசில்காரி. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வண்டு பலகையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஓ, இங்கதான் இருக்கீங்களா?"

குழாய் அடுக்குப் பக்கமிருந்து அவன் மச்சினி வந்துகொண்டிருந்தாள். மனைவியின் தங்கை. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வருகிறவர்களிடம் சிரிக்க வேண்டிய சிரிப்பையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வருவாள்.

"வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு, 'இன்னைக்கு ஆணிக் கடை முறை'ன்னு. ஊருக்கே தெரிஞ்சிருக்கு உங்க டைம்டேபிள்."

"இன்னைக்கு என்ன?"

"என்னவா? அத்தான், விளையாடாதீங்க. இன்னைக்குத்தானே வண்டுவ நான் கூட்டிட்டுப் போறதா பேச்சு."

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. இனிமே அங்க இருக்கறதுக்கு. திங்கக்கிழமை எங்க தெருப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும், இடம் வாங்கியாச்சு, சனிக்கிழமை வந்து துணிமணி எடுத்துக்கறேன்னு செவ்வாய்க்கிழமை போன்ல அரை மணி நேரம் சொன்னேன். நீங்க 'ம்'னீங்க."

"நான் 'ம்'னேனா?"

"ஒரு தடவையா? வரிக்கு வரி."

சொல்லியிருப்பான். செவ்வாய்க்கிழமை அவன் அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே சிக்கியிருந்தது. அவள் பேசினால் மூச்சு விடுவதற்கு நிறுத்துவாள். நிறுத்துகிற இடத்தில் ஒரு ம் போட வேண்டும். கதை கேட்கும் பிள்ளை ம் கொட்டுகிற மாதிரி. போடாவிட்டால் "இருக்கீங்களா?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"ம்னா சரின்னு அர்த்தம் இல்ல. கேட்டுட்டு இருக்கேன்னு அர்த்தம்."

"சரி, கேட்டீங்களா?"

அன்றைக்கு அவன் கேட்கவே இல்லை.

விசில் ஊதியது.

"ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்! எழுதிப் போட்டிருக்குல்ல? அந்த முடி கோணலா இருக்கற பாப்பாவுக்கு யாரு பொறுப்பு?"

"நான்," என்றான் அவன். "நான்," என்றாள் மச்சினி. இரண்டும் ஒன்றாக வந்தன.

விசில்காரி இடுப்பில் கை வைத்தாள். "நீங்க யாரு? அம்மாவா?"

"சித்தி."

விசில்காரி அவளைப் பார்த்தாள். பிறகு அவனை. பிறகு வண்டுவை, அதிலும் அந்த நெற்றி முடியை. அவள் முகம் முதன்முறையாக இளகியது, இளகக் கூடாத பக்கமாக.

"ஓ... சித்தியா. அதான் பார்த்தேன். பிள்ளைய வச்சிருக்கற லட்சணத்துலயே தெரியுது. இந்தாங்க சார், ரெண்டாவதா கட்டினா முதல் தாரத்துப் பிள்ளையையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்லணும். சண்டைய வீட்டுல வச்சுக்குங்க."

அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் இரண்டாம் தாரத்துக்கும் ஒரே சொல்லை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அவனை இழுத்துவந்து இந்தக் கோட்டில் நிறுத்தியிருக்க வேண்டும்.

"யாருக்கு யாரு ரெண்டாவது?" மச்சினியின் குரல் பெயிண்ட் டப்பாக்களில் பட்டுத் திரும்பியது. "நான் அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குக் கூடப்பொறந்த தங்கச்சி! இந்த மூஞ்சிய எவ கட்டிக்குவா?"

"உங்க அக்கா கட்டினா," என்றான் அவன்.

"அதான் போய்ச் சேர்ந்துட்டா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குக் கேட்டது. கையை வாயருகே கொண்டுபோனாள். அதற்குள் சொல் போய்விட்டது. இரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். வண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பிள்ளைகளோடு மூன்று இலவசப் பை வாங்கியிருந்த ஒரு அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "கைவேலையும் ஓசி, நாடகமும் ஓசி. வேற எந்தக் கடைல கிடைக்கும்?"

விசில்காரி மச்சினியை டப்பா அடுக்குக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். போனாளே தவிர ஓயவில்லை. அடுக்கில் இரண்டு வெள்ளை டப்பாக்களை விலக்கி, அந்தச் சந்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அத்தான்."

அவன் திரும்பவில்லை.

"காது இருக்குல்ல? இந்தப் புதன்கிழமை அவ மதிய டப்பாவுல என்ன இருந்துச்சு தெரியுமா? ரொட்டி. ரெண்டு ரொட்டிக்கு நடுவுல என்ன? இன்னொரு ரொட்டி."

"அவதான் அப்படிக் கேட்டா."

"அவ கல்லைக் கேட்டா கல்லை வச்சுக் குடுப்பீங்களா? ஒரு கால்ல நீல சாக்ஸ், ஒரு கால்ல சாம்பல் சாக்ஸ். தலைல பேன். போன புதன்கிழமை நான்தான் சீப்பு வச்சு எடுத்தேன், சொன்னேனா உங்ககிட்ட?"

"சொல்லல."

"சொன்னேன். ம்னீங்க."

புதன்கிழமை பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிடும். அன்றைக்கு மட்டும் மச்சினி ஆஸ்பத்திரியில் முறை மாற்றிக்கொண்டு வந்து வண்டுவைக் கூட்டிப்போவாள். குளிக்க வைத்து, சோறு போட்டு, வீட்டுப்பாடம் எழுதவைத்து, இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து விடுவாள். புதன்கிழமை ராத்திரி வண்டுவிடம் சோப்பு வாசனை அடிக்கும். அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் பொய் என்று தள்ள முடியாது. அவனுக்கு எரிச்சலே அதுதான்.

"ஒரு சனிக்கிழமை ஒழுங்கா வீட்டுல வச்சுப் பார்த்துக்க முடியல. கடை கடையா இழுத்துட்டு அலையிறீங்க. கடைக்காரன் சும்மாவா குடுக்கறான்? போகும்போது நாலு ஆணி வாங்குவீங்கன்னு குடுக்கறான். அவன் வியாபாரத்துக்கு நம்ம பிள்ளைய வளர்க்கறான். சொந்தபந்தம் இல்லாத பிள்ளையா இவ?"

"மெதுவாப் பேசு."

"எங்க வீட்டுல ரெண்டு பசங்க இருக்காங்க. மூணாவதா ஒரு தட்டு வைக்கறது எனக்குப் பாரமா? அவருகிட்டயும் பேசிட்டேன். சரின்னுட்டாரு. வாயத் திறந்து சரின்னாரு, உங்கள மாதிரி மூக்கால இல்ல."

மேசையில் தேய்ப்பு முடிந்து ஆணி அடிக்கிற கட்டம் வந்தது. பிள்ளைகளைவிடச் சுத்தி குறைவு. இரண்டு பேருக்கு ஒன்று என்று விசில்காரி பங்கு வைத்தாள். வண்டுவுக்குப் பங்காளி அந்த எஞ்சினியரின் மகன். வாங்கினவன் வாங்கினதுதான். ஒரே ஆணியை அடித்துக்கொண்டே இருந்தான், ஆணி உள்ளே போய், தலை போய், பலகை பள்ளமாகும்வரை. எஞ்சினியர் கோட்டுக்கு வெளியே நின்று, "கோணம், கோணம் பாரு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மரம் அறுக்கிற இடத்தில் மிஷினைப் போட்டார்கள். யாருக்கோ நீளப் பலகை அறுக்க வேண்டியிருந்தது. காதைக் கிழிக்கிற சத்தம். அதற்கு நடுவில் வண்டு கழுத்தைத் திருப்பி, முகம் சிவக்கக் கத்தினாள்.

"அப்பா! எனக்குச் சித்தி வேணும்! சித்தி வேணும்! விட மாட்டேங்கு..."

மிச்சத்தை மிஷின் தின்றது.

டப்பாச் சந்தில் இருந்த முகம் மறைந்தது. மறுநொடி மச்சினி அடுக்கைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "கேட்டுச்சா? இப்பக் கேட்டுச்சா? பிள்ளை வாயாலயே வந்துருச்சு!" அவள் கண் நிறைந்திருந்தது. விசில் ஊதியதை அவள் சட்டை செய்யவில்லை. கோட்டைத் தாண்டி, மேசைக்கருகே முட்டி போட்டு, வண்டுவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "வந்துட்டேன்டா கண்ணு. சித்தி வந்துட்டேன். யாரு விடாட்டியும் நான் கூட்டிட்டுப் போறேன்."

பலகை அறுந்து விழுந்தது. மிஷின் நின்றது. திடீரென்று கடை முழுக்க அமைதி.

"நீ இல்ல!" என்றாள் வண்டு, அந்த அமைதிக்குள். "சுத்தி! ஆணி அடிக்கிற சுத்தி! இவன் விட மாட்டேங்குறான்!"

முதலில் மூன்று பை அம்மா சிரித்தாள். பிறகு கோட்டைச் சுற்றி எல்லோரும். எஞ்சினியருக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "சித்தியால ஆணி அடிச்சா எப்படி இருக்கும்!" என்றார் பொதுவாக.

மச்சினி முட்டி போட்டபடியே இருந்தாள். அவள் கை இன்னும் வண்டுவின் தோளில் இருந்தது. வண்டு தோளைக் குலுக்கினாள். ஆணி அடிக்கக் கை வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

அவன் சிரிக்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கோட்டை ஒட்டி நின்றவன் இப்போது நன்றாகப் பின்னால் வந்திருந்தான், முதுகு டப்பாக்களில் படுகிற அளவுக்கு. யாரும் தள்ளவில்லை. சித்தி வேணும் என்று காதில் விழுந்ததும் கால்கள் தாமாகப் பின்வாங்கியிருந்தன. அந்த ஒரு கணம் அவனுக்குள் வந்தது வருத்தமும் கோபமும் அல்ல. அப்பாடா என்று இருந்தது. சனிக்கிழமை இல்லை. மதிய டப்பா இல்லை. முடி வெட்ட வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்தினால் பிறகு திறக்கவே தேவையில்லை.

அந்த வீடு கண்ணில் தெரிந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பயமாக இருந்தது.

"எழுந்திரிங்கம்மா," விசில்காரி மச்சினியின் முழங்கையைப் பிடித்தாள். "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போய்ப் பேசி முடிங்க. பிள்ளைய நான் பார்த்துக்கறேன். தம்பி, சுத்தியக் குடு. குடுறா! ஆணி செத்து எவ்வளவு நேரம் ஆச்சு, இன்னும் அடிச்சிட்டு இருக்க."

பெயிண்ட் நிற அட்டைகள் மாட்டியிருக்கும் சந்தில் அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். ஆள் நடமாட்டம் இல்லை. மேசை இங்கிருந்து தெரிந்தது. மச்சினி முழங்காலில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினாள். போகவில்லை. மறுபடி தட்டினாள்.

"சிரிச்சாச்சா எல்லாரும்?"

"நான் சிரிக்கல."

"நீங்க அழுததையே யாரும் பார்க்கல, சிரிப்பா வரப்போகுது." அவள் நிமிர்ந்தாள். "சரி. ஒரே கேள்வி. மூக்கால பதில் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். வண்டுவ அனுப்புறீங்களா, இல்லையா?"

"அனுப்ப மாட்டேன்."

"ஏன்?"

அவன் யோசித்தான். நல்ல காரணம் ஒன்றுகூடக் கையில் இல்லை. "தெரியல."

"தெரியல! காரணம்கூட இல்லாம ஒரு பிள்ளைய வச்சுக்கறதா?"

"நீ சொன்னதெல்லாம் சரி. ரொட்டி சரி, பேன் சரி, முடி சரி. கடையும் சரி. அனுப்ப மாட்டேன்."

"அத்தான், நீங்க வாழல. நிக்கறீங்க. கம்பத்துல கட்டின மாடாவது கொசுவுக்கு வாலாட்டும். அந்தப் பிள்ளை உங்க கூட இருந்தா அதுவும் மரக்கட்டையாத்தான் ஆகும்."

"ஆகட்டும்."

"என்ன பேச்சு இது? அக்கா இருந்தா உங்களை நம்பி ஒரு பூனைக்குட்டியக்கூட விட்டுட்டுப் போயிருக்க மாட்டா."

"உங்க அக்கா இருந்தப்ப நீ எங்க இருந்த?"



அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்தும் இருந்தது. பல மாதமாகப் பேசாத வாய் ஒரு தடவை திறந்தால் எங்கே மூடுவது என்று அதற்குத் தெரிவதில்லை.

"ஒரு வருஷம் நீ அவகிட்டப் பேசல. ஒரு தையல் மிஷினுக்காக. உங்கம்மாவோட மிஷின் உனக்கா அவளுக்கான்னு. போன் பண்ணா எடுக்க மாட்ட. படுக்கைல விழுந்துட்டான்னு சொல்லி அனுப்பினேன், அப்பவும் வரல. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து வாசல்ல விழுந்து புரண்ட. இப்பப் பிள்ளையக் கொண்டுபோய் வச்சுக்கிட்டா அந்தக் கணக்குத் தீர்ந்திடுமா?"

மச்சினி ஒரு நிற அட்டையை உருவினாள். பச்சையில் ஏழெட்டு வகை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ... என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன?"

பொய் சொல்ல இடம் இருந்தது. நல்ல மனிதனாக இருந்தால் சொல்லியிருப்பான். "'அவளா வரட்டும்'னு சொன்னா. நான் உன்னப் போய்க் கூட்டிட்டு வரேன்னு கிளம்பினேன். விடல. அவளா வரட்டும், அவளா வந்தாத்தான்னு. கடைசி வரைக்கும் அதான்."

அவள் அட்டையை இடம் மாற்றிச் சிவப்புகளுக்கு நடுவே செருகினாள். பிறகு பேசியபோது அது ஆஸ்பத்திரி மேசையில் பேசுகிற குரலாக இருந்தது.

"சரி. உங்க பிள்ளை, நீங்க வச்சுக்குங்க. தலையெழுத்தோ மரத்தூளோ, எல்லாம் நீங்களே பார்த்துக்குங்க. புதன்கிழமை இனிமே நான் வரல."

"சரி."

"ஆள் போட்டுப் பார்த்துப்பீங்களோ, எந்தக் கடைலயாச்சும் விட்டுட்டுப் போவீங்களோ, எனக்குத் தெரியாது. செத்தாலும் கூப்பிடாதீங்க."

"கூப்பிடல."

அவள் போனாள். குழாய் அடுக்கு வழியாகப் போகாமல், வழி தவறிக் கதவுக் கைப்பிடி அடுக்குக்குள் போய், திரும்பி வந்து, அவனைப் பார்க்காமல் தாண்டி வாசலுக்கு நடந்தாள். கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அவன் நின்றான். தான் ஜெயித்துவிட்டதாக அவனுக்குத் தோன்றவில்லை.

மேசையில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. விசில்காரி ஸ்டூலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, குறை சொல்லி, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். வண்டுவின் ஸ்டூலுக்கு ஒரு கால் திரும்பியிருந்தது. வெளிப்பக்கம் உள்ளே, உள்பக்கம் வெளியே.

"திருப்பி அடிக்க இப்ப நேரம் இல்ல," என்றாள் விசில்காரி. அவனிடம் திரும்பி, "உங்க பிரச்சனை முடிஞ்சுதா? அடுத்த மாசம் வந்தா ஒருத்தர் மட்டும் வாங்க. இல்லன்னா யாரும் வராதீங்க," என்றாள்.

"நான் மட்டும்தான் வருவேன்."

"வந்தாப் பிள்ளையப் பாருங்க. டப்பாவப் பார்த்துட்டு நிக்காதீங்க."

வாசலுக்கு வந்தபோது வண்டு கேட்டாள். "சித்தி எங்க?"

"போயிட்டாங்க."

"நாம எல்லாரும்தானே போறோம்?"

அவன் நின்றான். "எங்க?"

"சித்தி வீட்டுக்கு. அங்க அடுக்குக் கட்டில்ல மேல் கட்டில் எனக்குன்னு சொன்னாங்க. அண்ணனுங்க ரெண்டு பேரும் கீழ. நீயும் சரின்னு சொல்லிட்டன்னு சொன்னாங்க."

"அது..." எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "அப்பா சரின்னு சொல்லல. சித்தி அப்படி நினைச்சுட்டாங்க. நீ நம்ம வீட்டுலதான் இருக்கப் போற."

"அப்ப புதன்கிழமை?"

"புதன்கிழமை நான் வரேன்."

"சித்தி?"

"வர மாட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

"தெரியல. என் மேல கோவம்."

வண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை அவள் அம்மாவின் பார்வை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"நீ என்ன சொன்ன சித்திய?"

"தப்பா ஒண்ணு சொன்னேன். உண்மைதான். ஆனா தப்பா சொன்னேன்."

"நீதானே எப்பவும் எதுவுமே சொல்ல மாட்ட! இன்னைக்கு மட்டும் ஏன் சொன்ன?" அவள் கத்தினாள். வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் ஒதுங்கிப் போனார். "எனக்குச் சித்தி வேணும். இப்ப நிஜமாவே சித்திதான் சொல்றேன்! நீயும் வேணும், அவங்களும் வேணும். உன்கூட நான் பேச மாட்டேன்."

"சரி."

"சரின்னு சொல்லாத!"

பேருந்தில் அவள் முன்னால் தனியாக ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டூலைப் பக்கத்தில் வைத்து அவனுக்கு இடம் இல்லாமல் செய்தாள். அவன் பின்சீட்டில் உட்கார்ந்தான். கோணல் முடி சீட்டுக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. ஜன்னலில் அவள் முகம் நிழலாடியது. அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் போனை எடுத்தான்.

அவன் வேலை பார்ப்பது ஒரு லாரி நிறுவனத்தில், எந்த லாரி எப்போது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் பிரிவில். மேலாளருக்கு மணிக்கூண்டு என்று பெயர். உயரம் ஒரு காரணம். ஒரு நிமிடம் தாமதமானாலும் தெருவுக்கே கேட்கும்படி அடிப்பார் என்பது இன்னொரு காரணம்.

"என்னய்யா, சனிக்கிழமையும் நிம்மதி இல்லையா?"

"சார், புதன்கிழமை நான் சீக்கிரம் கிளம்பணும். மூணு மணிக்குப் பிள்ளையப் பள்ளிக்கூடத்துலருந்து கூட்டிட்டு வரணும்."

"இந்தப் புதனா? சரி, தொலையட்டும். ஒரு நாள்தானே?"

"வாரா வாரம்."

"வாரா வாரமா? புதன்கிழமை சாயந்திரம்தான்யா வடக்கு லாரி எல்லாம் கிளம்புது! உங்க வீட்டுல யாரோ ஒரு அம்மா கூட்டிட்டு வராங்கன்னு சொன்னியே?"

"இப்ப இல்ல."

"அவங்க இல்லன்னா வேற யாரையாச்சும் பாரு. பக்கத்து வீடு, எதிர் வீடு..."

"வேற யாரும் இல்ல சார். நான்தான்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "எவ்வளவு நாளைக்கு?"

"அவ பள்ளிக்கூடம் முடிக்கற வரைக்கும்."

"என்ன படிக்கறா?"

"ஒண்ணாவது."

"கிண்டலாய்யா?" மணிக்கூண்டு அடிக்க ஆரம்பித்தார். உன்னைப் போல் ஆயிரம் பேர் வாசலில் நிற்கிறார்கள் என்றார். பாவம் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பிரிவே நாசமாய்ப் போனது என்றார். மூச்சு விட நிறுத்தினார். அவன் அந்த இடத்தில் ம் போடவில்லை.

"கேக்குதா? திங்கக்கிழமை வந்து பேசு. யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க சார். யோசிச்சு முடிச்சாலும் முடிக்காட்டியும் புதன்கிழமை நான் கிளம்பிடுவேன். மூணு மணிக்கு அங்க நிக்கணும்."

போனை வைத்தான்.

முன்சீட்டிலிருந்து, திரும்பாமலே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வண்டு சொன்னாள்.

"மூணு மணி இல்ல. ரெண்டே முக்கால். மூணு மணிக்கு வந்தா கேட்டப் பூட்டிடுவாங்க. சித்திக்குத் தெரியும், உனக்குத்தான் ஒண்ணுமே தெரியாது."

அவன் மறுபடியும் மணிக்கூண்டை அழைத்தான்.